புகையை எரிக்கும் அடுப்பு

பொங்கலன்று காலை. வீட்டு வாசலிலோ கோயில் வளாகத்திலோ மூன்று செங்கற்கள், அவற்றின் மேல் புதுப்பானை, கீழே விறகு. பால் பொங்குவதற்கு முன்பே அடுப்பருகில் நிற்பவரின் கண் பொங்கிவிடும். காற்று உங்கள் பக்கம் திரும்பியதும் நீங்கள் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் புகையும் அங்கே வந்துவிடுகிறது. அம்மா ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார். குப்பென்று தீப் பற்றுகிறது. புகை சட்டென்று மறைகிறது. சற்று நேரத்தில் மறுபடியும் புகை.

அந்தக் கணத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தீ எழுந்ததும் புகை எங்கே போனது? காற்றில் கலைந்து போகவில்லை. எரிந்து போனது. புகை என்பது விறகின் கழிவு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பகுதி எரியத் தவறிய எரிபொருள்.

நமக்கு இது ஆண்டுக்கு ஒருநாள் சங்கடம். வீட்டுக்குள் திரும்பினால் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால், உலகில் சுமார் 2.1 பில்லியன் மக்கள் இன்னும் விறகு, சாணம், நிலக்கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றில்தான் தினமும் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சேரும் இந்தப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3.2 மில்லியன் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 237,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். புகையில் உள்ள மிக நுண்ணிய துகள்களின் விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. உங்கள் தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு, தொண்டை என்று எந்தக் காவலிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை அவை போய்ச் சேர்கின்றன.

விறகையே நம்பி வாழும் இவர்கள் எல்லாருக்கும் கேஸ் கிடைக்கும்வரை காத்திருக்காமல், அந்த விறகையே புகையின்றி எரிக்க முடியுமா? முடியும் என்கிறது ஒருவகை அடுப்பு. அதன் பெயர் மரவாயு அடுப்பு.

மெழுகுவத்தியும் ஒரு கரண்டியும்

அடுப்பைப் பார்க்கும் முன்பு ஒரு சிறு சோதனை. பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மெழுகுவத்தியை ஏற்றி ஒரு நிமிடம் எரிய விடுங்கள். பிறகு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு மேலே எழும். உடனே எரியும் தீக்குச்சியை, திரியைத் தொடாமல், அந்தப் புகைக்கோட்டின் மேல்நுனியில் காட்டுங்கள். தீ புகை வழியாகவே கீழே ஓடி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெள்ளைப் புகை, எரியக் காத்திருந்த மெழுகின் ஆவி. மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இளையவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஒரு தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதில் இதுவும் ஒரு பாடம்.

இப்போது அதே சுடரின் நடுவே ஓர் எவர்சில்வர் கரண்டியை ஓரிரு நொடி பிடியுங்கள். கரண்டியில் கறுப்பாகப் புகைக்கரி படியும். சற்று முன்பு வரை புகையே விடாமல் எரிந்த சுடர், குளிர்ந்த உலோகம் பட்டதும் கரியைக் கக்குகிறது. சுடர் மஞ்சளாக ஒளிர்வதே அதற்குள் இருக்கும் கரித்துகள்கள் பழுக்கக் காய்வதால்தான். வழக்கமாக அவை சுடரின் விளிம்பை அடைவதற்குள் எரிந்துவிடும். கரண்டி அவற்றைக் குளிர வைத்து, பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் கதை முழுவதும் இவற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

விறகுக்கு வருவோம். விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, கண்ணுக்குத் தெரியும் அந்தச் சுடரில் எரிவது கட்டை அல்ல. சூடேறும்போது மரத்திலுள்ள நீர் முதலில் ஆவியாகிறது. வெப்பம் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரத்தின் பெரிய மூலக்கூறுகள் உடையத் தொடங்குகின்றன. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் ஆவி என்று ஒரு கலவை வெளியேறுகிறது. உலர்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் இப்படி வாயுவாகவும் ஆவியாகவும் போய்விடும். மிஞ்சுவது கரி. வெளியேறிய வாயு, போதுமான சூட்டில் போதுமான உயிர்வளியைச் சந்தித்தால் சுடர்; சந்திக்காவிட்டால் புகை.

செங்கல் அடுப்பில் இந்தச் சந்திப்பு தற்செயலாகத்தான் நடக்கிறது. ஒரு பக்கம் காற்று அதிகமாகி வாயு குளிர்ந்துவிடுகிறது. மறுபக்கம் விறகு நெருக்கமாகக் கிடப்பதால் காற்றே போவதில்லை. புது விறகைத் திணித்ததும் ஒரே சமயத்தில் ஏராளமான வாயு வெளிப்பட்டு, எரிய வழியின்றி உங்கள் கண்ணைத் தேடி வருகிறது.

மேலே கொளுத்து, கீழே இறங்கட்டும்

1980களில் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீடும் நார்வேயைச் சேர்ந்த பால் வெண்டல்போவும் தனித்தனியாக ஏறக்குறைய ஒரே விடையை அடைந்தார்கள். வெண்டல்போ தம் அடுப்பை உகாண்டாவின் அகதி முகாம்களில் பரப்பினார். அங்கு அதன் பெயர் 'பெக்கோ பெ'. அச்சோலி மொழியில் 'பிரச்சினை இல்லை' என்று பொருள்.

அவர்களின் யோசனை இதுதான்: வாயுவை உண்டாக்கும் வேலையையும் அதை எரிக்கும் வேலையையும் ஒரே இடத்தில் நடக்க விடாதே.

ஓர் உயரமான டின்னைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய மைலோ டின் என்றே வைத்துக்கொள்ளலாம். அடியில் சில ஓட்டைகள். அதன் முக்கால் உயரம்வரை சிறு சுள்ளிகளை நிரப்புகிறோம். இந்த டின்னைச் சற்றே பெரிய இன்னொரு டின்னுக்குள் வைக்கிறோம். உள் டின்னின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் வரிசையாக ஓட்டைகள். தீயை அடியில் வைப்பதில்லை. சுள்ளிகளின் மேல் வைக்கிறோம்.

மேலே பற்றிய தீ மெல்லக் கீழே இறங்குகிறது. அடி ஓட்டைகள் வழியே சிறிதளவு காற்றுதான் உள்ளே வருகிறது. அது எரியும் அடுக்கை எட்டியதும் அதிலுள்ள உயிர்வளி அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் உண்டாகும் வெப்பம் அடுத்த அடுக்கிலுள்ள மரத்தை வாயுவாக்குகிறது. அடுக்குக்கு மேலே ஏற்கெனவே கரியாகிப் போன சுள்ளிகள் இருக்கின்றன. உயிர்வளி இல்லாததால் அந்தக் கரி எரியாமல் அப்படியே கிடக்கும். வாயு அந்தச் சூடான கரியினூடே மேலே ஏறி, டின்னின் கழுத்துக்கு வருகிறது.

அங்கேதான் இரண்டாவது காற்று காத்திருக்கிறது. இரு டின்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஏறி வரும்போதே சூடாகிவிட்ட காற்று, மேல் ஓட்டைகள் வழியே உள்ளே பாய்கிறது. அடியிலிருந்து வரும் காற்றைப்போல் பல மடங்கு இங்கே தேவை. சூடான வாயு, சூடான காற்று. இரண்டும் கலந்ததும் சுடர்.

பார்ப்பதற்கு அது கேஸ் அடுப்பின் வளையம் போலவே இருக்கும். ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் ஒரு சுடர் நாக்கு நடுவை நோக்கி நீளும். ஆனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கேஸ் அடுப்பில் ஓட்டை வழியே வருவது வாயு. சுற்றிலும் இருப்பது காற்று. மரவாயு அடுப்பில் ஓட்டை வழியே வருவது காற்று. சுற்றிலும் இருப்பது வாயு. சுடர் உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.

விறகைப் பெட்ரோல்போல் பயன்படுத்தும் உத்தி இதற்கும் பழையது. இரண்டாம் உலகப் போரில் எண்ணெய்ப் பற்றாக்குறை வந்தபோது ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வாகனங்கள் மரவாயுவில் ஓடின. ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரிலும் கரிவாயுவில் பேருந்துகள் ஓடியதுண்டு. கொள்ளுத்தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த இயந்திரத்தைச் சமையலறைக்குள் வரும் அளவுக்குச் சிறிதாக்கியதுதான் 1980களின் சாதனை.

புகை திரும்பி வரும் வழிகள்

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த அடுப்புக்கு ஒரு கெட்ட குணம். சரியாக எரியும்போது கேஸ்போல் எரியும். கொஞ்சம் தவறினாலும் கக்கும் புகை செங்கல் அடுப்பையே தோற்கடிக்கும். டின் நிறைய வாயு உற்பத்தியாகிக்கொண்டிருக்கும் வேளையில் மேலே உள்ள சுடர் அணைந்துவிட்டால், வாயு மொத்தமும் பச்சைப் புகையாக வெளியேறும். ஆகவே, இந்த அடுப்பை மேம்படுத்துவது என்றால் அந்த மேல்சுடரை எப்போதும் உயிரோடு வைத்திருப்பது என்றே பொருள்.

முதல் எதிரி ஈரம். இதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். ஒரு கிலோ ஈர விறகில் 400 கிராம் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 600 கிராம் உலர்ந்த மரம். உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் தரும். எனவே நம்மிடம் இருப்பது கிட்டத்தட்ட 10.8 மெகாஜூல். 400 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கி, ஆவியாகவும் மாற்ற ஏறக்குறைய 1 மெகாஜூல் போதும். இழப்பு பத்தில் ஒரு பங்குதான். அப்படியானால் ஈர விறகு ஏன் அவ்வளவு புகைகிறது?

இழப்பு எவ்வளவு என்பதைவிட அது எந்த இடத்தில் நேர்கிறது என்பதே முக்கியம். நீராவி, வாயு உண்டாகும் அடுக்கையே குளிர வைக்கிறது. பிறகு வாயுவோடு கலந்து மேலே வந்து அதை நீர்த்துப்போகச் செய்கிறது. கார்பன் மோனாக்சைடு தானாகப் பற்றிக்கொள்ள 600 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். கழுத்துப் பகுதியின் வெப்பம் அதற்குக் கீழே இறங்கினால் சுடர் நடுங்கும், பிறகு அணையும். பத்தில் ஒரு பங்கு இழப்பு, மீதி ஒன்பது பங்கையும் புகையாக்கிவிட முடியும்.

இரண்டாவது எதிரி, காற்றின் அளவு. அடியில் காற்று அதிகமானால் வாயு வேகமாக உற்பத்தியாகும். மேலே வரும் காற்று அதற்கு ஈடுகொடுக்காது. மேலே குளிர்ந்த காற்று அளவுக்கு மீறிப் பாய்ந்தால் சுடரே குளிர்ந்துவிடும். காற்றும் வாயுவும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போனால் மட்டும் போதாது. நன்றாகக் கலக்க வேண்டும். அதுவும் ஒரு நொடியில் சிறு பகுதிக்குள். வாயு கழுத்தைத் தாண்டிப் பானையைத் தொடுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகும். எரிதலைப் படிக்கும் பொறியாளர்கள் வெப்பம், நேரம், கலக்கம் என்ற மூன்றையும் சேர்த்தே பேசுவார்கள்.

கலக்கத்துக்கு எளிய வழி ஒரு சின்ன மின்விசிறி. மின்கலத்தில் ஓடும் விசிறி காற்றை மேல் ஓட்டைகள் வழியே ஊசிபோல் பாய்ச்சும். அது நடுவரை சென்று வாயுவைக் கடைந்துவிடும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் மிகக் குறைவாகப் புகை விட்ட விறகு அடுப்புகள் பெரும்பாலும் விசிறி வைத்தவையே. அம்மாவின் ஊதுகுழல் செய்ததும் இதே வேலைதான். என்ன, அவரால் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஊத முடியாது.

மூன்றாவது எதிரி யாரும் சந்தேகிக்காத ஒன்று: பானை. கொதிக்கும் நீருள்ள பானையின் அடிப்பாகம் நூறு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அது நமக்குச் சூடு. 800 டிகிரியில் எரியும் சுடருக்கோ பனிக்கட்டி. சுடர் எரிந்து முடியும் முன்பே பானையைத் தொட்டால், மெழுகுவத்திமேல் பிடித்த கரண்டியின் கதைதான். பானையை உயர்த்தினால் புகை குறையும், ஆனால் வெப்பம் பக்கவாட்டில் வீணாகும். எத்தனை சென்டிமீட்டர் என்பதில் அடுப்பு வடிவமைப்பாளர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

கடைசி எதிரி பழக்கம். செங்கல் அடுப்பில் தீ குறைந்தால் இன்னொரு விறகைத் தள்ளுவோம். இந்த அடுப்பில் எரியும்போது மேலே புது விறகு போட்டால், அது கழுத்துப் பகுதியைக் குளிர வைத்துப் புகை எழுப்பும். ஒரு தடவை நிரப்பியது தீரும்வரை எரிய விடவேண்டும். தீ அடிமட்டத்தை எட்டியதும் வாயு நின்றுபோகும். மிஞ்சும் கரி சுட ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் மோனாக்சைடு பெருகும். புகை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

மலாவியில் நடந்தது

நெல் விளையும் நம் அண்டை நாடான பிலிப்பீன்ஸில் அலெக்சிஸ் பெலோனியோ என்ற பொறியாளர் உமியை எரிக்கும் அடுப்பை உருவாக்கினார். உமி பொடிப்பொடியாக அடைந்துகொள்ளும். காற்று தானாக உள்ளே போகாது. அதனால் அடியில் விசிறி வைத்தார். ஆலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்த உமி நீலச் சுடராக எரிந்தது. 2008இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்களும் பி.பி. நிறுவனமும் சேர்ந்து 'ஊர்ஜா' என்ற விசிறி அடுப்பை 2006இல் கொண்டுவந்தார்கள். விறகுக்குப் பதிலாக, வேளாண் கழிவை அழுத்திச் செய்த பெல்லட் எனும் சிறு உருளைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே உலர்வு. சுமார் 400,000 அடுப்புகள் விற்றன. பிறகு பெல்லட்டின் விலை ஏறியது. அடுப்பு கெடவில்லை, அதற்குத் தீனி போடத்தான் பல வீடுகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. நிறுவனம் உணவகங்கள் போன்ற பெரிய சமையலறைகளின் பக்கம் திரும்பியது.

ஆனாலும் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்த ஆய்வு. பிலிப்ஸ் வகை விசிறி அடுப்புகள், அவற்றின் மின்கலத்துக்குச் சூரிய ஒளித் தகடு. பாதிக் கிராமங்களுக்கு இவை தரப்பட்டன. மீதிக் கிராமங்கள் வழக்கம்போலத் திறந்த அடுப்பில் சமைத்தன. மொத்தம் 8,626 வீடுகள், ஐந்து வயதுக்கு உட்பட்ட 10,750 குழந்தைகள். புகை குறைந்தால் குழந்தைகளின் நிமோனியா குறைய வேண்டும் அல்லவா? முடிவு 2016 டிசம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நூறு குழந்தைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 16 நிமோனியா என்ற கணக்கு இரு பக்கத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் இல்லை.

அறிவியல் பொய்த்துவிட்டதா? அடுப்பின் வேதியியல் பொய்க்கவில்லை. ஆனால் அடுப்புகள் அடிக்கடி பழுதாயின. பல வீடுகளில் புதிய அடுப்போடு பழைய அடுப்பும் எரிந்தது. பெரிய பானை வைக்க, ஒரே சமயத்தில் இரண்டு சமைக்க. அதோடு குப்பை எரிக்கும் புகை, அக்கம்பக்கத்து அடுப்புகளின் புகை, புகையிலைப் புகை. ஒரு குழந்தை மூச்சிழுக்கும் காற்றில் அடுப்பு ஒரு பகுதிதான். எதிர்பார்த்த முடிவு வராதபோதும் அதை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குப் பிறகு 'அடுப்பைக் கொடுத்தால் போதும்' என்று யாரும் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

ருவாண்டாவில் இன்யென்யேரி என்ற நிறுவனம் வேறு வழியில் போனது. அடுப்பையும் பெல்லட்டையும் சேர்த்தே கொடுத்தது. கிராமத்தவர் பொறுக்கி வரும் சுள்ளியைக் கொடுத்துப் பெல்லட் வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஆய்வுக்கூடத்தில் அல்லாமல் வீடுகளிலேயே, மக்கள் சமைக்கும்போதே புகையை அளந்தார்கள். பெரும்பாலான சமையல்களில் அந்த விசிறி அடுப்பு கேஸ் அடுப்பை நெருங்கும் அளவுக்குச் சுத்தமாக எரிந்தது. புகைந்த சில சமையல்களுக்குக் காரணம், கொளுத்திய விதமும் இடையில் எரிபொருள் போட்டதும்தான். விஞ்ஞானம் சரியாக இருந்தது, பணம் போதவில்லை. 2020இல் நிறுவனம் மூடப்பட்டது.

பள்ளி அறிவியல் விழாவுக்கு

நீங்களே சோதிக்க விரும்பினால், ஆசிரியரின் மேற்பார்வையில், திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, டின் எதையும் பயன்படுத்த வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து வரும் ஆவி நச்சு. ஒரே மரத்தின் சுள்ளிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, எடை போட்டு இரு பங்காக்குங்கள். ஒரு பங்கை ஒரு வாரம் வெயிலில் உலர்த்துங்கள். மற்றதை நிழலில் மூடி வையுங்கள். பிறகு இரண்டையும் மறுபடி எடை போட்டால் எவ்வளவு நீர் போனது என்று தெரியும். ஒரே டின்னில் ஒன்றன்பின் ஒன்றாக எரியுங்கள். சுடர் எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை முறை அணைந்தது, மேலே வைத்த பானையின் அடியில் எவ்வளவு கரி படிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பானையை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்திப் பாருங்கள்.

முடிந்ததும் டின்னில் கரி மிஞ்சியிருக்கும். உங்கள் சுள்ளியின் எடையில் அது எத்தனை பங்கு என்று அறிய ஆசையாக இருக்கும். அதற்கு முன்பு டின்னை இறுக மூடி, முழுவதும் ஆறும்வரை வெளியிலேயே விட்டுவிடுங்கள். சூடான கரியை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம்.